தர்பூசணியில் ஊசி போடுறாங்களா? ஜூஸில் விழும் ஐஸ் எது? கொங்கு மண்டல கோடையும் பழ பானங்களும்: முழு விளக்கம்

மார்ச் பிறந்தால் போதும். அவிநாசி ரோடு, திருச்சி ரோடு, பொள்ளாச்சி ரோடு என்று கோவையின் எந்தப் பக்கம் போனாலும் ஓரத்தில் தர்பூசணி குவியல், இளநீர் வண்டி, நுங்கு கூடை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றால் கோவைக்கு மாலையில் கொஞ்சம் நிம்மதி உண்டு. ஈரோடு, கரூர், சேலம் பக்கம் அந்த சலுகையும் கிடையாது. 2024 கோடையில் ஈரோட்டில் வெயில் 42 டிகிரி செல்சியஸைத் தாண்டி பதிவானது. அதே ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே தமிழக அரசு அறிவித்தது.

இந்த வெயிலில் பழமும் பழ பானமும் அவசியம்தான். ஆனால் ஒவ்வொரு கோடையிலும் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்து பயமுறுத்தும். அந்தப் பழத்தில் ஊசி, இந்தப் பழத்தில் கல், அந்த ஜூஸில் சாயம் என்று. இதில் எது உண்மை, எது வதந்தி? வீட்டில் செய்யும் பழ டெசர்ட் ஏன் சில நேரம் கசக்கிறது? கொங்கு மண்டலத்தில் கிடைக்கும் 'பெர்ரி' எது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தர்பூசணிக்கு நடந்தது என்ன?

2025 மார்ச் மாதம். சென்னையில் உணவுப் பாதுகாப்புத் துறை அதிகாரி ஒருவர், நிறம் ஏற்றப்பட்ட தர்பூசணியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று விளக்கிய வீடியோ வைரலானது. சீசன் உச்சத்தில் இருந்த நேரம் அது. பழம் வாங்கவே மக்கள் தயங்கினர். விலை சரிந்தது. தோட்டத்திலேயே பழம் தேங்கியது. விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினர். எல்லா பழத்தையும் தவறாகச் சொல்லவில்லை என்று அதிகாரி விளக்கம் கொடுத்தார், பிறகு அந்தப் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார். தர்பூசணியை அச்சமில்லாமல் சாப்பிடலாம் என்று அரசுத் தரப்பிலிருந்தும் சொல்லப்பட்டது. ஆனால் 70 முதல் 90 நாளில் முடிந்துவிடும் பயிர் அது. விளக்கம் வந்து சேர்வதற்குள் பலருக்கு அறுவடையே முடிந்துவிட்டது.

சரி, தர்பூசணியில் ஊசி போட முடியுமா? கொஞ்சம் யோசித்தாலே விடை கிடைக்கும். பழத்துக்குள் ரத்த ஓட்டம் மாதிரி எதுவும் இல்லை. ஒரு இடத்தில் சாயத்தைச் செலுத்தினால் அந்த இடத்தில்தான் நிற்கும், பழம் முழுக்க ஒரே சீராகப் பரவாது. தோலில் ஓட்டை விழுந்தால் அதன் வழியாக கிருமி புகுந்து, இந்த வெயிலில் சீக்கிரமே பழம் புளித்து அழுகும். லோடு லோடாக வாங்கி விற்கும் வியாபாரி ஒவ்வொரு பழத்துக்கும் ஊசி போட்டு, தன் சரக்கைத் தானே கெடுத்துக்கொள்வாரா என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

தர்பூசணியின் சிவப்புக்குக் காரணம் லைகோபீன். தக்காளிக்கும் அதே நிறமிதான். அது தண்ணீரில் கரையாது. எரித்ரோசின் போன்ற செயற்கை நிறம் தண்ணீரில் கரையும். அதனால்தான் பஞ்சால் துடைத்துப் பார்க்கும் சோதனை வந்தது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நன்றாகப் பழுத்த பழத்தை அழுத்தித் துடைத்தால் சதைத் துணுக்குகளும் சாறும் பஞ்சில் ஒட்டி, லேசான ரோஸ் நிறம் வரத்தான் செய்யும். அதைப் பார்த்து 'சாயம்' என்று முடிவு கட்டக் கூடாது. வெட்டிய துண்டை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்க. சதை மட்டும் உதிர்ந்து, கொஞ்ச நேரத்தில் அடியில் தங்கினால் அது பழத்தின் இயல்பு. தண்ணீர் முழுக்க அடர் சிவப்பாக, தெளிவாக மாறினால்தான் சந்தேகம். அப்போதும் உறுதி செய்ய வேண்டியது ஆய்வகம்தான்.

நடுவில் பிளவுபட்டு, குழி விழுந்த பழத்தைக் காட்டியும் 'ஊசி போட்டதால் வந்தது' என்பார்கள். மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காதபோதும், வளர்ச்சி சீராக இல்லாதபோதும் வரும் குறைபாடு அது. சாப்பிடலாம், ஒன்றும் ஆகாது.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வெட்டி வைத்த பழம்! தர்பூசணியில் சுமார் 92 சதவீதம் தண்ணீர். எலுமிச்சை, அன்னாசி போல புளிப்பும் இல்லை. கிருமி வளர இதைவிட வசதியான இடம் கிடைக்காது. வெட்டிய பழத்தை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்பு அமைப்புகளின் கணக்கு. கோவையில் ஏப்ரல் மதியம் 32 டிகிரிக்குக் கீழ் எப்போது இருக்கிறது? அதனால் காலையில் நறுக்கி, ஈ மொய்க்க அடுக்கி வைத்த துண்டை விட்டுவிட்டு, "அண்ணா, புதுசா ஒண்ணு வெட்டிக் குடுங்க" என்று கேட்டு வாங்குங்க. வீட்டிலும் தோலைக் கழுவிய பிறகே வெட்ட வேண்டும். மண்ணில் கிடந்த பழம் அது. கழுவாமல் வெட்டினால், தோலில் இருக்கும் அழுக்கைக் கத்தியே உள்ளே கொண்டுபோய்விடும்.

மாம்பழத்தில் கல்: இது வதந்தி இல்லை

தர்பூசணி விஷயம் வேறு, மாம்பழ விஷயம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது நிஜமாகவே நடக்கிறது. ஒவ்வொரு சீசனிலும் கோவையின் மொத்த பழக்கடைகளில் உணவுப் பாதுகாப்புத் துறை சோதனை நடத்தி பழங்களைப் பறிமுதல் செய்து அழிப்பது வாடிக்கையாகவே ஆகிவிட்டது.

கார்பைடு கல் காற்றில் இருக்கும் ஈரத்தோடு சேர்ந்தால் அசிட்டிலீன் வாயு வரும். வெல்டிங்குக்குப் பயன்படும் அதே வாயு. அதோடு, அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் இருக்கும் என்பதுதான் பெரிய கவலை. 2011ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இந்தியாவில் இதற்குத் தடை. அதற்கு மாற்றாக அனுமதிக்கப்பட்டது எத்திலீன் வாயு, 100 பிபிஎம் அளவு வரை. எத்திலீன் என்பது பழம் தானாகப் பழுக்கும்போது தானே வெளிவிடும் வாயுதான். வைக்கோலில் காயை மூடி வைத்தால் பழுப்பதற்கும், அரிசி மூட்டைக்குள் பாட்டி மாங்காயைப் புதைத்து வைத்ததற்கும் இதுதான் காரணம். 'செயற்கையாகப் பழுக்க வைத்தது' என்றாலே விஷம் என்று நினைக்க வேண்டாம். எத்திலீன் அறையில் பழுத்த பழம் பாதுகாப்பானது.

வாங்கும்போது எப்படித் தெரிந்துகொள்வது? பளிச்சென்று ஒரே மஞ்சள், காம்புப் பக்கம் வாசனையே இல்லை, வெட்டினால் கொட்டைப் பக்கம் வெள்ளையாக, புளிப்பாக இருக்கிறது என்றால் சந்தேகப்படலாம். மார்ச்சிலேயே குவியும் 'பழுத்த' மாம்பழத்தைக் கொஞ்சம் தள்ளியே வையுங்க. சேலத்து மாம்பழத்துக்கு ஏப்ரல் கடைசி, மே வரை பொறுத்தால் ருசியும் நிச்சயம்.

ஜூஸில் விழும் ஐஸ்

பழத்தை ஆயிரம் முறை சோதித்து வாங்குபவர்கள்கூட ஐஸைப் பற்றிக் கேட்பதே இல்லை. ஐஸ் பிளாண்டில் இருந்து வரும் பெரிய பாளம் ஐஸ் பெரும்பாலும் மீன், பால் போன்ற பொருட்களைக் குளிர்ச்சியாக வைக்கத் தயாரிப்பது. அது குடிநீரில்தான் செய்யப்பட்டது என்று சொல்ல முடியாது. இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால், சாப்பிட உகந்தது இல்லாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. நீல நிற ஐஸ் கண்ணில் பட்டால் அது ஜூஸுக்கு இல்லை. சாக்குப்பையில் சுற்றி, தரையில் வைத்து உடைக்கும் பாளத்தைப் பார்த்தால் "ஐஸ் இல்லாம குடுங்க" என்று சொல்லிவிடுவது நல்லது. டைபாய்டும் மஞ்சள் காமாலையும் கோடையில் பரவ அசுத்தமான தண்ணீர் ஒரு முக்கியக் காரணம். ஐஸ் ஆகிவிட்டதால் கிருமி எல்லாம் செத்துவிடாது.

நிறத்தையும் கவனிக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறத்துக்கே 100 பிபிஎம் என்று உச்சவரம்பு உண்டு. நாக்கு சிவந்து, கழுவினாலும் போகாத அளவுக்கு ரோஸ் மில்க் இருந்தால் யோசிக்க வேண்டியதுதான். சாயத் தொழிலில் பயன்படும் ரோடமைன் பி இருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழகத்தில் பஞ்சு மிட்டாய்க்கே தடை வந்தது.

நம்ம ஊரு பெர்ரி எது?

பெர்ரி டெசர்ட் என்றதும் சூப்பர் மார்க்கெட்டில் சின்ன டப்பாவில் அடைத்து வைத்திருக்கும் புளூபெர்ரிதான் ஞாபகம் வரும். பெரும்பாலும் இறக்குமதி, விலையும் அதற்கேற்ப. அது இல்லாமல் கோடை கழியாதா என்ன? தாவரவியல் கணக்குப்படி திராட்சை பெர்ரி, தக்காளி பெர்ரி, வாழைப்பழமும் பெர்ரி. பெயரிலேயே பெர்ரி வைத்திருக்கும் ஸ்ட்ராபெர்ரி மட்டும் உண்மையில் பெர்ரி இல்லை!

அந்தக் கணக்கில் கோவையின் பெர்ரி பன்னீர் திராட்சை. தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத் தோட்டங்களில் பந்தல் போட்டு வளர்த்த பயிர். இப்போது பரப்பு குறைந்துவிட்டது, ஆனாலும் அந்த வாசனைக்கு ஈடில்லை. இதில் ஜூஸ் போடும்போது பலரும் செய்யும் தப்பு, கொட்டையோடு மிக்ஸியில் ஓட்டுவது. கொட்டை உடைந்தால் துவர்ப்பும் கசப்பும் இறங்கிவிடும். அரை கிலோ திராட்சையைக் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, கொதிக்க விடாமல் சிறு தீயில் 10 நிமிடம் வையுங்க. தோல் வெடித்து நிறம் இறங்கும். மத்தால் லேசாக மசித்து வடிகட்டி, நாட்டுச் சர்க்கரையோ சர்க்கரையோ 3 ஸ்பூன், சிட்டிகை உப்பு சேர்த்து ஆற வைத்தால் போதும். நிறமும் வேண்டாம், எசன்ஸும் வேண்டாம்.

திராட்சையில் மருந்து எச்சம் பற்றிய பயம் நியாயமானது. 2017ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆப்பிளை வைத்துச் செய்த ஆய்வில், சமையல் சோடா கலந்த தண்ணீரில் 12 முதல் 15 நிமிடம் ஊற வைத்தபோது மேல் தோலில் இருந்த பூச்சிமருந்து நன்றாக நீங்கியது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் சோடா, அதாவது ஏறக்குறைய 2 டீஸ்பூன். தோலுக்குள் ஊடுருவியதை இது எடுக்காது. ஆனால் வெறும் தண்ணீரில் ஒரு அலசு அலசுவதைவிட எவ்வளவோ மேல்.

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால் வேறு உலகம். நீலகிரியில் விளையும் ஸ்ட்ராபெர்ரி அதே நாளில் கோவைக்கு இறங்கிவிடும். மலைச்சரிவில் தானாக வளரும் தவிட்டுப் பழம், ஊதா நிறத்தில் பஞ்சு போல இனிக்கும். ஊட்டிக்காரர்கள் அதில் ஜாம் போடுவார்கள். மே மாதம் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் நடக்கும் பழக் கண்காட்சிக்குப் போனால் மலைப் பழங்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். கல்லாறு, பர்லியாறு அரசு பழப் பண்ணைகளில் விளையும் மங்குஸ்தானுக்கு மட்டும் கொஞ்சம் பொறுக்க வேண்டும், அது ஜூனுக்குப் பிறகுதான் சூடு பிடிக்கும்.

இன்னொன்று, கண்ணெதிரே இருந்தும் யாரும் கண்டுகொள்ளாத மல்பெரி. உடுமலைப்பேட்டை வட்டாரம் வெண்பட்டுக்கூடு உற்பத்திக்குப் பேர் போனது, ஏக்கர் கணக்கில் மல்பெரி நிற்கிறது. ஆனால் பட்டுப்புழுவுக்கு இலைதானே வேண்டும்? கிளையோடு வெட்டி எடுத்துவிடுவார்கள், பழத்துக்கு விடுவதில்லை. தோட்ட ஓரத்தில் தப்பி நின்ற செடியில் பழுப்பது ஊர்ப் பிள்ளைகளுக்கும் குருவிகளுக்கும் போய்விடும். சந்தைக்கு வராததால் விலையே இல்லாத பெர்ரி இது. பறித்த சில மணி நேரத்தில் கசங்கிவிடும் என்பதுதான் தடை.

பாலில் அன்னாசி போட்டால் ஏன் கசக்கிறது?

வீட்டில் பழ டெசர்ட் செய்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. பச்சை அன்னாசியில் புரோமலின் என்ற நொதி இருக்கிறது. அது பாலில் உள்ள புரதத்தைத் துண்டு துண்டாக்கும். கொஞ்ச நேரத்தில் கஸ்டர்டு கசக்கும், நீர்த்தும் போகும். பால் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக் கொட்டுவார்கள், பாவம் பால் மேல் தப்பில்லை. அன்னாசித் துண்டுகளைச் சர்க்கரை சேர்த்து 5 நிமிடம் கொதிக்க வைத்து ஆற விட்டுச் சேர்த்தால் நொதி செயலிழந்துவிடும்.

பப்பாளியிலும் பப்பெய்ன் என்று இதே வகை நொதி. காயின் பாலில்தான் அது அதிகம். கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'கோ 2', 'கோ 5' பப்பாளி ரகங்கள் இந்தப் பப்பெய்ன் எடுப்பதற்கே ஏற்றவை. அந்த 'கோ' என்பது கோயம்புத்தூர்தான். பழுத்த பப்பாளியில் நொதி குறைவு, ஆனாலும் மில்க் ஷேக் அடித்தால் உடனே குடித்துவிடுங்க, பிரிட்ஜில் வைத்து ராத்திரி எடுத்தால் கசக்கும்.

ஜெலட்டினில் செய்யும் ஜெல்லிக்கும் இதே கதைதான். அது விலங்குப் புரதம் என்பதால் பச்சை அன்னாசி, பப்பாளி, கிவி சேர்த்தால் உறையவே உறையாது. கடல்பாசி புரதம் இல்லை, மாவுச்சத்து வகை. அதில் எந்தப் பழமும் உறையும், சைவம் சாப்பிடுபவர்களுக்கும் பிரச்சினை இல்லை.

இளநீர் பாயசமும் பஞ்சாமிர்தமும்

கொங்கு கல்யாண பந்தியில் இப்போது இளநீர் பாயசம் இல்லாவிட்டால் சமையல்காரரைத்தான் கேட்பார்கள். பொள்ளாச்சி பக்கத்தில் தென்னைக்குப் பஞ்சமில்லை. வீட்டில் செய்வதும் சுலபம். அரை லிட்டர் பாலைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, சர்க்கரை சேர்த்து, நன்றாக ஆற வையுங்க. இரண்டு இளநீரின் வழுக்கையில் பாதியைக் கொஞ்சம் இளநீர் விட்டு அரைத்து, மீதியைப் பொடியாக நறுக்கிப் போடுங்க. கடைசியில் கெட்டித் தேங்காய்ப் பால் அரை டம்ளர், ஏலக்காய். பால் சூடாக இருக்கும்போது இளநீர் ஊற்றக் கூடாது, திரிந்துபோக வாய்ப்பு உண்டு. தேங்காய்ப் பாலும் வழுக்கையும் அடுப்பே காணாதவை என்பதால் பிரிட்ஜில் வைத்து அன்றைக்கே முடித்துவிட வேண்டும். மீந்த பாயசத்தை மறுநாள் பாசத்தோடு கொடுத்துவிடாதீங்க.

பழநி பஞ்சாமிர்தம் இதற்கு நேர் எதிர். மலை வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, நெய், தேன், ஏலக்காய். ஒரு சொட்டு தண்ணீர் சேர்க்க மாட்டார்கள். பழத்தில் இருக்கும் ஈரத்தையும் சர்க்கரையும் தேனும் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமிக்குத் தண்ணீர் கிடைக்காது, அதனால்தான் பிரிட்ஜ் இல்லாத காலத்திலேயே நாள் கணக்கில் தாங்கியது. 2019ல் புவிசார் குறியீடு பெற்றது. ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இருந்து பழநி தேவஸ்தானம் நாட்டுச் சர்க்கரை வாங்குவது இன்றும் தொடர்கிறது. அந்த ஏல விலையைக் கரும்பு விவசாயிகள் உற்றுப் பார்ப்பார்கள்.

ஜூஸா, பழமா?

ஒரு கிளாஸ் சாத்துக்குடி ஜூஸுக்கு மூன்று நான்கு பழம் போகும். உட்கார்ந்து நான்கு பழத்தை உரித்துச் சாப்பிடுவோமா? ஜூஸ் என்றால் இரண்டு நிமிடத்தில் காலி. நார்ச்சத்து வடிகட்டியில் நின்றுவிடும், சர்க்கரை மட்டும் உள்ளே போகும். அதற்கு மேல் கடைக்காரர் போடும் மூன்று கரண்டி சர்க்கரை வேறு. சேர்க்கும் சர்க்கரை, ஜூஸில் இருக்கும் சர்க்கரை எல்லாம் சேர்த்து நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது 6 டீஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார அமைப்பு. கரும்பு ஜூஸில் 100 மில்லிக்கு 13 முதல் 15 கிராம் சர்க்கரை இருப்பதாக 2024ல் ஐசிஎம்ஆர் வழிகாட்டுதல் எச்சரித்தது. ஒரு பெரிய டம்ளர் கரும்பு ஜூஸிலேயே அன்றைய கணக்கு தாண்டிவிடுகிறது. நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு சர்க்கரை நோய் இருப்பதாக 2023ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. "சர்க்கரை போடாம" என்று கேட்பது பாதி தீர்வு, பழமாகச் சாப்பிடுவது முழு தீர்வு.

பாட்டிலில் வரும் 'ஃப்ரூட் டிரிங்க்' விஷயம் தெரியுமா? அதில் பழச்சாறு குறைந்தது 10 சதவீதம் இருந்தால் போதும் என்பதுதான் விதி, எலுமிச்சைக்கு 5 சதவீதம். மீதி பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும். செறிவூட்டிய சாற்றில் தண்ணீர் கலந்து செய்ததை '100 சதவீத பழச்சாறு' என்று லேபிளில் போடக் கூடாது என 2024 ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. 2025 அக்டோபரில் இன்னொரு உத்தரவு: பழ பானங்களின் பெயரில் 'ஓஆர்எஸ்' என்ற சொல்லே இருக்கக் கூடாது. வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்குச் சர்க்கரைப் பானத்தைக் கொடுத்தால் போக்கு இன்னும் அதிகமாகலாம். உலக சுகாதார அமைப்பின் ஓஆர்எஸ் பொடியில் ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம்தான், உப்புகளோடு சேர்த்து மொத்தம் 20.5 கிராம். மருந்துக் கடையில் வாங்கும்போது அட்டையில் இந்த அளவு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்க. வெயிலில் மயக்கம், குழப்பமான பேச்சு, உடல் கொதிப்பு என்றால் ஜூஸ் தேடி ஓட வேண்டாம். நிழலுக்குக் கொண்டுபோய், உடலைத் தண்ணீரால் நனைத்து, 108க்கு அழைக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

பழத்திலோ ஜூஸிலோ கலப்படம் என்று சந்தேகம் வந்தால், வீடியோ எடுத்து குரூப்பில் போடுவதற்கு முன் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குக் கடையின் இடம், தேதி, படத்தோடு அனுப்பலாம். மாதிரி எடுத்துப் பரிசோதிக்கும் அதிகாரம் அவர்களுக்குத்தான் இருக்கிறது.